கப்பலோடு போன கலிமா: கடல் வணிகத்தால் இஸ்லாம் பரவியது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலின் கரைகளில் இஸ்லாம் வேரூன்றியதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதப்பட்டவை.

கப்பல்ல வந்த வியாபாரிங்க மதப் பிரசாரம் பண்ணினாங்களா?

பெரும்பாலும் இல்லை. அவர்கள் மிளகும் கிராம்பும் துணியும் வாங்க வந்தவர்கள், குதிரையும் பேரீச்சம்பழமும் விற்க வந்தவர்கள். பிரசாரத்துக்கென்று ஆள் அனுப்பிய அமைப்பு எதுவும் அவர்களுக்குப் பின்னால் இல்லை.

அவர்கள் ஊரில் தங்கினார்கள். உள்ளூரில் பெண் கட்டினார்கள். பிள்ளைகள் பிறந்தன, தொழ இடம் வேண்டியிருந்தது, பள்ளிவாசல் எழுந்தது. பள்ளிவாசலுக்குத் தொழுகை நடத்தும் இமாமும் வழக்குத் தீர்க்கும் காஜியும் தேவைப்பட்டார்கள், அவர்கள் அடுத்தடுத்த கப்பல்களில் வந்தார்கள். மார்க்கத்தைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் இந்த ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) சூபிகளும்தான் (ஞானிகள்). அவர்கள் வந்து இறங்க ஊரையும் உறவையும் வியாபாரிகள் உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

எந்தெந்த ஊருக்கு இப்படிப் போச்சு?

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கரை, கொங்கணம், மலபார், மாலத்தீவு, இலங்கை, நம் சோழமண்டலக் கரை, சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், ஜாவாவின் வடகரை, மலுக்குத் தீவுகள், சீனாவின் குவாங்சோவும் சுவான்சோவும். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே பருவக்காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள்.

ஏன் மாசக்கணக்குல தங்கினாங்க? சரக்கை இறக்கிட்டுத் திரும்பியிருக்கலாமே?

காற்று விடாது. நீராவிக் கப்பல் வரும்வரை இந்தக் கடலில் அட்டவணை போட்டது பருவக்காற்றுதான். ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும். கச்சான் உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் மலபார்த் துறைமுகங்கள் மூடிக்கிடக்கும், அலை அப்படி. சோழமண்டலக் கரையில் சிக்கல் வேறு மாதங்களில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், ஒதுங்கவோ இயற்கைத் துறைமுகம் குறைவு.

851ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரபுக் கடற்குறிப்பு ஒன்று மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்கு ஒரு மாதம் என்கிறது. கொல்லத்திலிருந்து மலாய்க் கரையின் கலாபாருக்கு இன்னொரு மாதம். ஓடும் நாட்கள் குறைவு, காத்திருக்கும் நாட்களே அதிகம். சீனா வரை போய்த் திரும்ப ஒன்றரை வருடம் பிடிக்கும். காற்றைத் தவறவிட்டால் அடுத்த காற்று வரை அதே ஊரில் இருக்க வேண்டியதுதான். மார்க்கோ போலோவே சுமத்ராவில் 5 மாதம் காற்றுக்குக் காத்துக் கிடந்தார்.

மலாய்த் தீபகற்பத்தின் துறைமுகமான மலாக்கா போன்ற இடத்தில் இது இன்னும் இறுகும். மேற்கிலிருந்து போனவர் ஊர் திரும்ப வாடை வேண்டும். அவர் வாங்கப்போகும் சீனச் சரக்கும் அந்த வாடையில்தான் வந்து சேரும். ஆக, காத்திருப்பு வியாபாரத்துக்குள்ளேயே இருந்தது.

அந்தக் காலத்து மரக்கலத்துல சீனா வரைக்கும் நிஜமாவே போக முடியுமா?

போனார்கள், ஆதாரம் கடலடியில் கிடைத்தது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே ஒரு மரக்கலம் கண்டெடுக்கப்பட்டது. பலகைகளில் இரும்பாணி இல்லை. ஓரத்தில் துளையிட்டுக் கயிற்றால் தைத்துப் பிணைத்த, மேற்காசியப் பாணிக் கலம். உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குரிய சீனத் தேதி பொறிக்கப்பட்டிருந்தது.

தைத்த கலத்துக்கு ஒரு நன்மை உண்டு. மணல்திட்டில் தட்டினால் ஆணியடித்த பலகை பிளக்கும், தைத்தது நெகிழ்ந்து கொடுக்கும். பாதகமும் உண்டு. கயிறு இற்றுப்போகும், தையலில் நீர் கசியும், அவ்வப்போது கரையேற்றிக் கயிறு மாற்றி எண்ணெய் பூச வேண்டும். துறைமுகத்தில் தங்குவதற்கு இது இன்னொரு காரணம். தேக்கும் தென்னங்கயிறும் அரபுக் கரையில் கிடைக்காது என்பதால் கப்பல் கட்டவே மலபாரையும் மாலத்தீவையும் நம்பியிருந்தார்கள்.

தங்கினா மட்டும் போதுமா? ஒரு ஊர் எப்படி முஸ்லிம் ஊராச்சு?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதல் படி திருமணம். மாலத்தீவில் 1343–44இல் காஜியாக இருந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, மஹர் (மணமகன் தரும் மணக்கொடை) குறைவாக இருந்ததால் அங்கே மணமுடிப்பது எளிது என்றும், கப்பல் வந்ததும் மாலுமிகள் மணந்து, புறப்படும்போது விவாகரத்து செய்தார்கள் என்றும் எழுதுகிறார். மாலத்தீவில் கணவன் போனாலும் மனைவி தீவிலேயே இருப்பாள், பிள்ளைகள் அவளிடம் வளர்வார்கள், ஆனால் தந்தையின் மார்க்கத்தில். மற்ற ஊர்களில் பலர் நிரந்தரமாகவே தங்கிவிட்டார்கள். மும்பைக்குத் தெற்கே இன்றைய சௌலில், 916 வாக்கில் சுமார் 10,000 முஸ்லிம்கள் இருந்ததாக அரபுப் பயணி அல்-மசூதி குறித்திருக்கிறார். அவர்களில் இந்தியாவிலேயே பிறந்தவர்களுக்குத் தனிப் பெயரே வழங்கியது.

அடுத்தது ஜும்ஆ. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஷாபி மத்ஹபின்படி வெள்ளிக்கிழமைத் தொழுகை நிறைவேற அந்த ஊரில் நிலையாகக் குடியிருக்கும் வயதுவந்த ஆண்கள் 40 பேர் வேண்டும். வந்துபோகும் பயணிகள் கணக்கில் சேர மாட்டார்கள். ஆகவே ஓர் ஊரில் பழைய ஜும்ஆ பள்ளி இருந்தால் அங்கே அப்போதே குடும்பங்கள் வேர்விட்டிருந்தன என்று பொருள். கல்வெட்டு இல்லாத இடத்தில் இது நல்ல தடயம்.

மூன்றாவது காஜி. வியாபாரி அந்நிய மண்ணில் இறந்தால் அவர் சரக்கை யார் காப்பது, வாரிசுக்கு எப்படிச் சேர்ப்பது, கடன் தகராறை யார் தீர்ப்பது? இதற்கெல்லாம் காஜி வேண்டும். சீனாவின் குவாங்சோவில்கூட முஸ்லிம்களுக்குள் தீர்ப்புச் சொல்லவும் தொழுகை நடத்தவும் ஒரு முஸ்லிமைச் சீன ஆட்சியே அமர்த்தியிருந்ததாக மேற்சொன்ன 851ஆம் ஆண்டுக் குறிப்பு சொல்கிறது. 1290களில் ஏமனை ஆண்ட ரசூலிய அரசு இந்தியக் கடற்கரை ஊர்களின் காஜிகளுக்கும், ஜும்ஆ உரை நிகழ்த்தும் கதீபுகளுக்கும் உதவித்தொகை அனுப்பியது, அந்தப் பட்டியலே கிடைத்திருக்கிறது.

உள்ளூர் ராஜாக்கள் ஏன் இடம் கொடுத்தாங்க?

வருமானத்துக்காக. தென்னாட்டு அரசர்களுக்குப் போர்க்குதிரை உயிர்நாடி. இங்கே குதிரை சரியாகப் பெருகாது. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தே குதிரைகளைச் சாகடிக்கிறார்கள் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். ஆக ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு: பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1400 குதிரைகள், தலைக்கு 220 பொன் தினார், வழியில் இறந்ததற்கும் பணம் உண்டு.

கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் உத்தி வேறு. 1442–43இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக், சரக்கை இறக்கிக் கடைத்தெருவில் போட்டாலும் அரசு ஆட்கள் காவல் காப்பார்கள் என்கிறார். விற்றால் நாற்பதில் ஒரு பங்கு சுங்கம், விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. காற்று தள்ளிக்கொண்டு வந்த கப்பலைப் பிற துறைகளில் கொள்ளையிடுவார்கள், இங்கே அது கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் பள்ளிவாசலுக்கு நிலம் தருவது அரசருக்குச் சின்னச் செலவு. கோழிக்கோடு முச்சுந்திப் பள்ளியில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அப்படிப்பட்ட அரச மானியத்தைச் சொல்கிறது. ஒரு பகுதி அரபியில், இன்னொரு பகுதி வட்டெழுத்தில்.

சுங்கச் சலுகைக்காகத்தான் மதம் மாறினாங்கன்னு சொல்றாங்களே?

சுங்கக் கணக்கு அதை ஆதரிக்கவில்லை. மலாக்காவில் மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு 6 சதவீதம் சுங்கம். கிழக்கிலிருந்து வருவோர் சுங்கத்துக்குப் பதில் அன்பளிப்பு தர வேண்டும். வேறுபாடு எங்கிருந்து வருகிறீர்கள் என்பதில்தான், எந்த மதம் என்பதில் இல்லை. மலாக்காவின் நான்கு ஷாபந்தர்களும், அதாவது துறைமுக அதிகாரிகளும், நாடு வாரியாகப் பிரிக்கப்பட்டவர்களே. குஜராத்திகளுக்கு ஒருவர், தமிழர், வங்காளிகள் முதலானோருக்கு ஒருவர், ஜாவா மலுக்குக்காரர்களுக்கு ஒருவர், சீனர் முதலானோருக்கு ஒருவர்.

ஆனால் மறைமுக ஆதாயம் இருந்தது. முதலீடு ஒருவருடையது, பயணமும் உழைப்பும் இன்னொருவருடையது, லாபம் பேசிய விகிதத்தில், நஷ்டமானால் அது முதலீடு போட்டவருக்கு என்பது முளாரபா என்ற கூட்டு. கெய்ரோவில் எழுதிய ஒப்பந்தம் கோழிக்கோட்டுக் காஜி முன்பும் செல்லும். இந்த வளையத்துக்குள் இருப்பவருக்குக் கடனும் கூட்டாளியும் எளிதில் கிடைக்கும். ஆனாலும் முஸ்லிமாக இல்லாமலே அரபுக் கடல் வணிகத்தில் கொழித்தவர்கள் ஏராளம். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்த யூதர் ஆபிரகாம் பென் யிஜூவின் கடிதங்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் கூட்டாளிகளாக வருகிறார்கள். மலாக்காவின் தமிழ்ச் செட்டிகள் கடைசிவரை இந்துக்களாகவே இருந்தார்கள். ஆதாயத்தை மட்டும் காரணமாக்குவது நம்பியவர்களைக் குறைத்து மதிப்பிடுவது.

சேரமான் பெருமாள் மக்கா போய் இஸ்லாத்தைத் தழுவினது உண்மையா?

நிலா பிளந்ததைக் கண்ட சேர மன்னர் நபிகளைக் காணப் போனார், கொடுங்கல்லூர்ப் பள்ளி 629இல் எழுந்தது என்பது மலபார் மக்களின் மரபு. சமகால ஆவணம் எதுவும் இதற்கு இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை எழுதிவைத்த மலபார் அறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூமே, அது நபிகள் காலத்தில் நடந்திருக்காது, ஹிஜ்ரி 200க்கு (ஏறத்தாழ கி.பி. 815) பிறகாக இருக்கலாம் என்கிறார்.

உறுதியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய சான்று 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கிறித்தவப் பள்ளிக்குக் கொடுத்த அந்த மானியத்தில் சாட்சிகள் கூபி என்ற பழைய அரபு எழுத்திலும், பழைய பாரசீகமான பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். முஸ்லிம்கள், பாரசீகர்கள், யூதர்கள் ஒரே பத்திரத்தில்.

தமிழ்நாட்டுக்கு மாலிக் காபூர் படையெடுப்போடதானே இஸ்லாம் வந்தது?

டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை வந்தது 1311இல். அதற்கு முன்பே கடற்கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். இராமநாதபுரம் கரையின் தீர்த்தாண்டதானபுரத்தில் 1269ஆம் ஆண்டுக் கல்வெட்டு வணிகக் குழுக்களின் பட்டியலில் அஞ்சுவண்ணத்தைச் சொல்கிறது. மேற்காசிய வணிகர்களின் குழு அது, கொல்லம் செப்பேட்டிலும் வருகிறது. 1290களில் பாண்டியர் துறைமுகமான காயலில் ஹோர்முஸ், கீஷ், ஏடன் கப்பல்கள் குதிரையோடு நிற்பதை மார்க்கோ போலோ பதிவுசெய்திருக்கிறார். அந்தக் குதிரை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் பாண்டியரிடம் உயர்பதவியில் இருந்ததாக வஸ்ஸாப் கூறுகிறார். டெல்லிப் படையை எதிர்த்த பாண்டியர் பக்கத்திலும் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை டெல்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ எழுதியிருக்கிறார்.

கடற்கரைக்காரங்க ஷாபி, உள்நாட்டுல ஹனபி. ஏன் இப்படி?

வந்த வழியின் தடம் அது. ஷாபியைப் போல ஹனபியும் ஒரு மத்ஹப். தென் அரேபியாவின் ஏமன், ஹள்ரமவ்த் கரைகளில் ஷாபி மத்ஹப். அங்கிருந்து வந்த வணிகரும் ஆலிமும் அதையே கொண்டுவந்தார்கள். டெல்லி வழியாகத் தரைமார்க்கமாக வந்த துருக்கியர் ஹனபி. அதனால்தான் காயல்பட்டினம், கீழக்கரை மரக்காயர்கள் ஷாபி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனபி. குடிபெயர்வால் சில ஊர்களில் இது கலந்திருக்கும்.

இதே கோட்டை நீட்டிப் பாருங்கள். மலபார், மாலத்தீவு, இலங்கை, மலேசியா, இந்தோனேசியா, சுவாஹிலிக் கரை எல்லாமே பெரும்பான்மை ஷாபி. மாலத்தீவு மட்டும் தொடக்கத்தில் மாலிக்கி என்ற வேறொரு மத்ஹபாக இருந்து பின்னர் ஷாபிக்கு மாறியது.

மலாய் நாட்டுக்குக் கொண்டுபோனது யாரு? அரபிகளா, குஜராத்திகளா, நம்ம ஊர்க்காரங்களா?

ஒருவரை மட்டும் சொல்பவரை நம்ப வேண்டாம். குஜராத் கட்சிக்குப் பலம் கல்லறைக்கற்கள். ஜாவாவின் கிரேசிக்கில் மௌலானா மாலிக் இப்ராஹீமின் 1419ஆம் ஆண்டுக் கல்லும், சுமத்ராவின் பாசையில் அரசி நஹ்ராசியாவின் 1428ஆம் ஆண்டுக் கல்லும் குஜராத்தின் காம்பேயில் செதுக்கியவை. ஆனால் செதுக்கிய பளிங்கு ஒரு ஏற்றுமதிச் சரக்கு. காசுள்ளவர் எங்கிருந்தும் தருவிக்கலாம். கல் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து மார்க்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பலரும் தடுக்கி விழும் இடம் இது.

தமிழ், மலபார்க் கரைகளின் பங்குக்கு மத்ஹப் ஒற்றுமை ஒரு வாதம். மலாக்கா அரசவையில் பெண்டஹாரா (முதலமைச்சர்) பதவி வரை உயர்ந்த துன் முதாஹிரின் குடும்பம் தமிழ் முஸ்லிம் வழியில் வந்தது என்பது இன்னொன்று. அரபுகளும் சீன முஸ்லிம்களும் பங்களித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் கலவையின் விகிதம்தான் வேறு.

9ஆம் நூற்றாண்டுலயே போயிட்டாங்கன்னா, 13 வரைக்கும் அங்கே ஏன் யாரும் மாறலை?

நல்ல கேள்வி. கப்பல் போவதும் ஊர் மாறுவதும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது. ஜாவாவின் லேரானில் பாத்திமா பின்த் மைமூனின் 1082ஆம் ஆண்டுக் கல்லறைக்கல் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் முஸ்லிம் அரசு எதுவும் இல்லை. 1292 வாக்கில் சுமத்ராவின் பெர்லாக்கில், நகரத்தார் வணிகர்களால் முஸ்லிமாகிவிட்டார்கள், மலையில் இருப்பவர்கள் ஆகவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. பாசையின் சுல்தான் மாலிக்குஸ் ஸாலிஹின் கல்லறை 1297ஐச் சேர்ந்தது.

இடையில் தேவைப்பட்டது தலைமுறைகள். 1512க்குப் பின் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரேஸ் ஜாவா கரையைப் பற்றி எழுதியது இந்த வழியைத் துல்லியமாகக் காட்டுகிறது: முஸ்லிம்கள் வந்து பணம் சேர்த்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், வெளியிலிருந்து முல்லாக்கள் வந்தார்கள், 70 ஆண்டுகளில் அவர்கள் பிள்ளைகள் ஜாவாக்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். 1025இல் சோழர் படையெடுப்புக்குப் பின் சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் பிடி தளர்ந்து சிறு துறைமுகங்கள் தனித்து எழுந்ததும் இதற்குத் தோதாக அமைந்தது என்பது எங்கள் கணிப்பு.

1511ல போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடிச்சதும் எல்லாம் நின்னுபோச்சா?

நேர் எதிர். மலாக்காவிலிருந்து கிளம்பிய முஸ்லிம் வணிகர்கள் ஆச்சே, பந்தன், ஜொகூர், புருணை, மக்காசார் எனச் சிதறினார்கள். ஒரே துறையில் குவிந்திருந்த வணிகமும் ஆலிம்களும் பத்துத் துறைகளுக்குப் போனார்கள். மக்காசாரின் கோவா அரசின் (இந்தியாவின் கோவா அல்ல) மன்னர் 1605இல் இஸ்லாத்தைத் தழுவினார்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலயும் இதே கதைதானா?

வழிமுறை ஒன்றே. கென்யாவின் ஷாங்கா என்ற சிற்றூரில் நடந்த அகழாய்வில், 8ஆம் நூற்றாண்டின் சின்ன மரப் பள்ளிவாசல் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெரிதாகிக் கடைசியில் கற்கட்டடமானது தெரிந்தது. சான்சிபாரின் கிசிம்காசிப் பள்ளியில் 1107ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. தெற்கே சொபாலாவிலிருந்து வந்த தங்கத்தால் செழித்த கில்வாவை 1331இல் இப்னு பதூதா கண்டார்.

ஒரு வேறுபாடு: அங்கே பல நூற்றாண்டுகள் இஸ்லாம் கரையோடு நின்றது. 19ஆம் நூற்றாண்டில் தந்தமும் அடிமைகளும் கடத்திய வணிகக் குழுக்கள் உள்நாட்டுக்குப் போன பிறகே இன்றைய தான்சானியாவின் தபோரா, உஜிஜி வரை எட்டியது.

அப்போ எல்லாமே அமைதியா நடந்ததுன்னு சொல்லலாமா?

எல்லாமே என்று சொல்லக்கூடாது. துறைமுகத்தில் நடந்தது பெரும்பாலும் அமைதியானது. அரசுகள் மாறிய பிறகு அரசுகளுக்கே உரிய போர்களும் வந்தன. ஜாவாவில் முஸ்லிம் அரசான டெமாக் 1527 வாக்கில் இந்து-பௌத்த மஜாபாகித் பேரரசின் எச்சத்தை வீழ்த்தியது. முன்பு சொன்ன மக்காசாரின் கோவா, அண்டை பூகிஸ் நாடுகள் மீது படையெடுத்து 1611இல் போனேவைப் பணியவைத்து இஸ்லாத்தை ஏற்கச் செய்தது. ஆப்பிரிக்கக் கரையின் அடிமை வணிகத்தையும் மறைக்க முடியாது.

கோழிக்கோட்டுலயும் சீனாவுலயும் அவ்வளவு முஸ்லிம் வியாபாரிங்க இருந்தும் நாடு ஏன் மாறலை?

சாமூதிரியின் அரியணை கோயில், சடங்கு, சாதி ஒழுங்கு ஆகியவற்றின் மேல் நின்றது. மதம் மாறாமலே அவருக்கு வணிக லாபம் கிடைத்தது. மாறினால் உள்நாட்டு ஆதரவு போகும். சிறு துறைமுகத் தலைவருக்கு அப்படிப்பட்ட சுமை குறைவு, மக்காவோடும் பிற சுல்தான்களோடும் கிடைக்கும் உறவோ பெரிது. மலபாரிலேயே கண்ணூரின் அறக்கல் குடும்பம் அப்படி எழுந்த முஸ்லிம் ஆட்சிதான்.

சீனாவில் தொடர்ச்சி அறுந்தது. 878–79இல் ஹுவாங் சாவோவின் கலகப்படை குவாங்சோவில் அந்நிய வணிகர்களைக் கொன்று குவித்தது. பின்னர் சுவான்சோ தழைத்தது. தமிழர்கள் 1281இல் சிவன் கோயிலுக்குத் தமிழ்க் கல்வெட்டு வைத்த ஊரும் இதுவே. 1357இல் தொடங்கிய கலவரமும், மிங் ஆட்சியின் கடல் தடையும் அங்கே புதிய கப்பல்களை நிறுத்தின. தங்கியவர்கள் சீனர்களாகிப்போனார்கள்.

இதையெல்லாம் நேர்ல பார்க்க எங்கே போகணும்?

பக்கத்தில் கோழிக்கோடு குற்றிச்சிறை. முச்சுந்திப் பள்ளிக்கு அருகிலேயே, நாகுதா மிஷ்கால் என்ற கப்பல் முதலாளியின் பெயரில் 14ஆம் நூற்றாண்டுப் பள்ளி நிற்கிறது. மினாரா இல்லை, அடுக்கடுக்கான மரக்கூரை, பக்கத்துக் கோயிலைக் கட்டிய அதே தச்சுமுறை. 1510இல் போர்ச்சுகீசியர் இதற்குத் தீ வைத்தார்கள். தொழுகை நேரம் தவிர்த்துப் போய், உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களையும் பாருங்கள், நம் மண்டபத் தூண்களைச் செதுக்கிய கைகள்தான்.

சிங்கப்பூர் போனால் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் பெலித்துங் சரக்கு இருக்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ சூலியா பள்ளி 1826இல் தொடங்கியது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் 1911இல் காலியில் கிடைத்த கல்லைத் தவறவிடாதீர்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது, கல்லில் உள்ள ஆண்டு 1409. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறைப்படியும் காணிக்கை சொல்கிறது. பொன் 1000, வெள்ளி 5000 என்று மூன்று பட்டியலும் ஏறக்குறைய ஒன்றே. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழ் வரிகளைக் கிட்டே நின்றால் இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.